குதிரையைப் படித்த மன்னர்

1777-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இரண்டு பிறப்புகள் நிகழ்ந்தன. சென்னைக்கு அருகே கிண்டியில், வெள்ளைக்காரத் துரைமார்கள் குதிரைப் பந்தயம் விடுவதற்கென்று ஒரு மைதானம் அமைத்தார்கள். இந்தியாவிலேயே பழைய பந்தய மைதானம் என்று பெயர் பெற்றது அதுதான். அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே வம்சத்தின் கிளைக் குடும்பம் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் என்று பெயர் பெற்றது.

சரபோஜி என்றதும் நம் நினைவுக்கு வருவது சரஸ்வதி மகால் நூல் நிலையம். ஓலைச் சுவடிகள், கண் வைத்தியம், சங்கீதம், நாட்டியம் என்று பல துறைகளிலும் அவர் பெயர் விளங்குகிறது. அவருக்கு இன்னொரு புகழும் இருந்தது. அதைப் பலர் அறியமாட்டார்கள். குதிரையின் தரத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர் என்று, தஞ்சை வட்டாரத்திலிருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகள் அவரை மிகவும் மதித்தார்கள். 1826-ல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் இதைக் கேட்டறிந்து எழுதிவைத்திருக்கிறார்.

குதிரைப் பந்தயத்துக்குப் புதிதாகப் போகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்பதுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. குதிரையைப் பார்க்கத் தெரியுமா? தெரிந்தவர் ஒருவரின் கதை இது.

குதிரை மேல் வந்த வம்சம்

சரபோஜியின் முன்னோர்கள் தஞ்சைக்குக் குதிரை மேல் வந்தவர்கள். சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி, 1670-களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றினார். மராட்டியரின் பலமெல்லாம் குதிரைப் படையில் இருந்தது. பீமா நதிக் கரையில் வளர்ந்த அவர்களுடைய குதிரைகள் உருவத்தில் சிறியவை. பார்வைக்கு எடுப்பாக இருக்கமாட்டா. ஆனால் கிடைத்ததைத் தின்று, கல்லிலும் மேட்டிலும் களைக்காமல் ஓடும். பெரிய பாரசீகக் குதிரைகள் மேல் வந்த மொகலாயப் படைகளை அலைக்கழித்தவை இந்தச் சின்னக் குதிரைகள்தாம்.

அப்படிப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடமோ காவிரிப் பாசன நாடு. திரும்பிய பக்கமெல்லாம் நஞ்சை. வாய்க்கால், வரப்பு, சேறு. மாட்டுக்கு வைக்கோல் உண்டு. எருமைக்குக் குட்டை உண்டு. குதிரைக்கு வேண்டிய வறண்ட கெட்டித் தரையும் மேய்ச்சலும் அருமை. அதனால்தான் சோழர் காலம் முதல் இந்த நாட்டுக்குக் குதிரை கடல் வழியாகவே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களைச் சொல்லும்போது, பட்டினப்பாலை முதலில் குதிரைகளைத்தான் சொல்கிறது. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் குதிரைக்காகக் கொட்டப்படும் பணத்தைக் கண்டு திகைத்தார். வாங்கிய குதிரைகள் பராமரிப்புத் தெரியாமல் மாண்டுபோகின்றன என்றும், நல்ல ஜாதிக் குதிரைகளுக்கும் இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணிப் போகின்றன என்றும் அவர் குறித்திருக்கிறார்.

குதிரை வாங்கக் கொடுத்த பணம் வேறு வழியில் போன கதையும் நம்மிடம் உண்டு. மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டார். பகலில் வந்த பரிகள் இரவில் நரிகளாயின. பந்தய மைதானத்தில் முதல் தடவை பணம் கட்டியவர்களுக்கு, இந்தத் திருவிளையாடலின் பிற்பகுதி நன்றாகவே விளங்கும்!

நாலு வயதில் கேட்ட குளம்பொலி

சரபோஜி தவழ்ந்து நடந்த காலம் தஞ்சைக்குக் கெட்ட காலம். 1781-ல் ஹைதர் அலியின் குதிரைப் படை காவிரி நாட்டுக்குள் புகுந்தது. வயல்கள் அழிந்தன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஊர்கள் காலியாயின. அதே ஆண்டு நவம்பரில் நாகப்பட்டினம் கோட்டையை டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த பிப்ரவரியில், கும்பகோணத்தை அடுத்த அன்னக்குடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு சுல்தான் வளைத்து முறியடித்தார். திறந்த சமவெளியில் நல்ல குதிரைப் படை இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது ஒரு பாடம். நாலு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் அவன் வளர்ந்த நாடு, குளம்பொலி கேட்டால் கதவைச் சாத்தும் நாடாக இருந்தது.

தஞ்சை மன்னர் துளஜாஜிக்குப் பிறந்த வாரிசுகள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோயினர். மனம் உடைந்த மன்னர், 1787-ல் தம் மரணத் தறுவாயில், பத்து வயதுகூட நிறையாத சரபோஜியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் காப்பாற்றும் பொறுப்பை டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்க விரும்பினார். பஞ்ச காலத்தில் சுவார்ட்ஸ் தம் சொந்தப் பெயரில் கடன் பொறுப்பேற்று, கோட்டைக்குத் தானியம் வரவழைத்தவர். நாட்டில் அவர் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மன்னர் மறைந்ததும் நிலைமை மாறிற்று. துளஜாஜியின் மாற்றாந்தாய் மகன் அமர்சிங், சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்களைக் கொண்டு சொல்லச் செய்து, கும்பினியார் சம்மதத்துடன் தாமே சிம்மாசனம் ஏறினார். சிறுவன் அரண்மனைக்குள் ஓர் அறையில் அடைபட்டான். வெளிச்சமில்லை, படிப்பில்லை, ஓடி விளையாடத் திறந்த வெளி இல்லை. குதிரை மேல் திரிந்த வம்சத்தின் வாரிசு, வெயிலைக் காணாமல் பல நாள் கழித்தான். சுவார்ட்ஸ் விடாமல் போராடியிராவிட்டால், சரஸ்வதி மகாலும் இல்லை, சரபோஜியும் இல்லை.

1793-ல் சிறுவனும் துளஜாஜியின் விதவைகளும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கெரிக்கே பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம் கைவந்தது. அதன் வழியே ஐரோப்பாவின் மருத்துவம், ரசாயனம், விலங்கியல் எல்லாம் அவருக்கு முன்னே கதவு திறந்து நின்றன. சுவீகார வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, இம்முறை சரபோஜிக்குச் சாதகமாயிற்று. 1798 ஜூன் 29-ஆம் தேதி அவருக்கு முடிசூட்டினார்கள். அதைக் கண்ணால் காணச் சுவார்ட்ஸ் இல்லை. அந்த பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். மரணப் படுக்கையிலிருக்கும் குருவின் கையை மன்னர் பற்றி நிற்கும் சலவைக்கல் சிற்பம், லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது, தஞ்சை சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

ராஜ்யம் போன பிறகு

சிம்மாசனம் ஏறிய அடுத்த ஆண்டே அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 1799 அக்டோபரில் எழுதப்பட்ட உடன்படிக்கைப்படி, தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பினியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சார்ந்த இடமும். ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன். நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தஞ்சை ஜில்லாவின் தலைமையிடம் தஞ்சையில்கூட இல்லை, நாகப்பட்டினத்தில் வைக்கப்பட்டது. 1845 வரை அங்கேதான் இருந்தது. காவிரி நாட்டின் நெல் வரி நாகப்பட்டினத்துக் கச்சேரியில் கணக்காகி, அதில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு வந்தது. படை நடத்த உரிமை இல்லை. இருபத்திரண்டு வயது இளைஞர், பட்டம் மட்டும் உள்ள மன்னரானார்.

இப்படிப்பட்ட நிலையில் எத்தனையோ ராஜாக்கள் மதுவிலும் சூதிலும் முழுகிப் போனதுண்டு. சரபோஜி படிக்க உட்கார்ந்தார். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நூல்கள் வரவழைத்தார். காசிக்குப் போனபோதும் சுவடிகள் சேகரித்தார். 1805 வாக்கில் அரண்மனையில் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மகாலில் மனிதருக்கு மட்டுமன்றி, விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மருந்து ஆராயப்பட்டது. கண் நோயாளிகளின் நிலையைச் சித்திரத்தோடு குறித்து வைக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. பார்த்ததை எழுதிவைத்து, பிறகு சரியா தவறா என்று ஒத்துப் பார்க்கும் புத்தி அது. குதிரையைப் பார்ப்பதற்கும் அதே புத்திதான் வேண்டும்.

அவர் வளர்த்த நூல் நிலையத்தில் அசுவ சாஸ்திரச் சுவடிகள் உண்டு. பாண்டவர்களில் நகுலன் பெயரால் வழங்கும் நூல், வண்ணச் சித்திரங்களுடன் கூடியது. குதிரையின் நிறம், உடலிலுள்ள சுழிகள், பல்லைக் கொண்டு வயது காணுதல், நடை, குரல், குணம் ஆகியவற்றை அசுவ சாஸ்திரங்கள் வகைப்படுத்துகின்றன. இது நம் மிராசுதார்களுக்கும் உழவர்களுக்கும் அந்நியமான சங்கதி அல்ல. மாட்டுச் சந்தையில் வாயைப் பிளந்து இரண்டு பல்லா, நாலு பல்லா, பல் சேர்ந்ததா என்று பார்க்கிறோம். சுழி சுத்தமா என்று தடவிப் பார்க்கிறோம். நாலடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று கவனிக்கிறோம். குதிரைக்கும் அதே முறைதான்.

இதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்? பல் பொய் சொல்லாது. குதிரையின் முன்வரிசைப் பற்களில் நடுஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கின்றன. ஐந்து வயதில் வரிசை நிறைந்துவிடும். இன்றைய கால்நடை மருத்துவரும் இதையே சொல்வார். நடை பார்ப்பதும் நல்ல சாஸ்திரம்தான். சுழி மட்டும் வேறு. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குதிரைகளை அடையாளம் பிரித்தறியச் சுழி உதவும். எது முதலில் வரும் என்று அதற்குத் தெரியாது.

நளன் கொடுத்ததும் வாங்கியதும்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்திலுள்ள திருநள்ளாற்றுக்குப் போய் நள தீர்த்தத்தில் முழுகாதவர் நம் பக்கத்தில் குறைவு. சனி விலகிய இடம் என்று கும்பிடுகிறார்கள். ஆனால் பாரதத்தில் நளன் மீண்ட விதத்தைக் கவனித்தால், அது குதிரைப் பந்தயக்காரர்களுக்கென்றே எழுதினாற்போல் இருக்கும். சூதின் கணக்குத் தெரியாமல் ஆடி நாட்டை இழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியானான். தமயந்தியின் ஊருக்கு ஒரே நாளில் போக வேண்டுமென்றபோது, அவன் லாயத்தில் பார்த்துப் பொறுக்கியவை மெலிந்த குதிரைகள். ராஜாவுக்குக் கோபம் வந்தது. நளனோ அகன்ற நாசியையும் தாடையையும் மற்ற லட்சணங்களையும் பார்த்தே அவற்றை எடுத்திருந்தான். தேர் பறந்தது. வழியில் ஒரு மரத்தின் இலைகளையும் காய்களையும் கணக்கிட்டுச் சொன்ன இருதுபன்னன், எண்ணின் சூட்சுமத்தை நளனுக்குக் கொடுத்து, குதிரையின் சூட்சுமத்தை வாங்கிக்கொள்ள இசைந்தான். இரண்டும் தெரிந்த பிறகே நளன் மறுபடி காய் உருட்ட உட்கார்ந்தான்.

பந்தயத்துக்குப் போகிறவருக்கும் இந்த இரண்டும் வேண்டும். முதலாவது குதிரை. ஓடுவதற்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். பாதிப் பேர் அந்த நேரத்தில் டிக்கெட் ஜன்னலில் நெருக்கிக்கொண்டிருப்பார்கள். நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடம் அது. தோல் மினுமினுப்பாக இருக்கிறதா. பின்தொடைகளில் சதை இறுகியிருக்கிறதா. நீண்ட எட்டு வைத்து, பின்கால் முன்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா. காது விறைப்பாக முன்னோக்கி நிற்கிறதா என்று பார்க்கலாம். ஓடுவதற்கு முன்பே வியர்த்து நுரை தள்ளிப் படபடக்கும் குதிரை, பலத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறது. முன்காலில் கட்டுப் போட்டிருந்தால் பழைய காயம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பிறகு தூரம். 1,200 மீட்டரில் மின்னலாகப் பாயும் குதிரைக்கு 2,400 மீட்டரில் மூச்சு வாங்கும். மழை பெய்து தரை இளகினால், கெட்டித் தரையில் வென்ற குதிரை பின்தங்குவதும் உண்டு. அதன் மேல் ஏற்றும் எடையும் உண்டு. ஹாண்டிகாப் பந்தயத்தில் கெட்டிக்காரக் குதிரைக்கு அதிக எடை. சாதாரணக் குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பதே எடை போடுகிறவரின் ஆசை. யாரும் காதில் வந்து ஓதும் ரகசியத்தைவிட, பந்தயப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் இந்த விவரங்கள் பயனுள்ளவை.

இரண்டாவது, எண். பந்தயப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டோட் முறையை, 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் என்பவர் ஏற்படுத்தினார். வின் என்று கட்டினால் குதிரை முதலாவதாக வரவேண்டும். பிளேஸ் என்றால் முதல் இரண்டு அல்லது மூன்று இடங்களுக்குள் வந்தால் போதும், கிடைப்பதும் குறைவு. கணக்கு இப்படி: பத்து ரூபாய்ச் சீட்டு 1,000 விற்றால் சேர்வது 10,000 ரூபாய். கமிஷனுக்கும் வரிக்குமாக நூற்றுக்கு 20 கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8,000. வென்ற குதிரை மேல் 400 சீட்டு இருந்தால், சீட்டுக்கு 20 ரூபாய். 20 சீட்டுத்தான் என்றால் 400 ரூபாய். ஊரெல்லாம் கட்டிய குதிரை ஜெயித்தாலும் லாபம் கொஞ்சம் என்பதன் காரணம் இது. எல்லாக் குதிரைகள் மேலும் எல்லாச் சீட்டுகளையும் ஒருவரே வாங்கினால் என்ன ஆகும்? 10,000 கொடுத்து 8,000 வாங்கி வீடு திரும்புவார். குதிரையைப் படித்தவனுக்கும் இந்த 2,000-த்தைத் தாண்டிய பிறகுதான் லாபம். போனதைப் பிடிக்க அடுத்த பந்தயத்தில் இரட்டிப்பாகக் கட்டுவது, கடன் வாங்கிக் கட்டுவது - இந்த இரண்டு வழியாகத்தான் காவிரிக் கரை நிலங்களும் சென்னை வீடுகளும் கை மாறியிருக்கின்றன.

இதில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. நாகப்பட்டினத்தை அடுத்த திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. குடும்பங்கள் அழிகின்றன என்ற கவலை அதன் பின்னே இருந்தது. பந்தயக் கிளப் வழக்காடிற்று. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் ஆகியவற்றால் முடிவாகும் பந்தயம் திறமையைச் சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது. குதிரையைப் பாராமல் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறவருக்கு அந்தத் தீர்ப்பிலே எவ்வளவு பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.

ஹீபர் கண்ட மன்னர்

1820-ல் சரபோஜி, ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டு, 1822-ல் திரும்பினார். படையெடுத்துப் போக முடியாத மன்னர், பாதி இந்தியாவைப் பக்தராகக் கடந்து வந்தார்.

1826 மார்ச் கடைசியில் பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். ஆங்கிலக் கவிதையையும் ஐரோப்பிய விஞ்ஞானிகளையும் பற்றிச் சரளமாகப் பேசும் இந்து மன்னரைக் கண்டு வியந்தார். புலி வேட்டையில் குறி தவறாதவர், குதிரையில் தேர்ந்த கண்ணுடையவர் என்ற செய்திகளும் அவர் காதுக்கு எட்டின. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த ஆங்கில அதிகாரிகளின் கும்பினிதான் சரபோஜியின் நாட்டை வாங்கிக்கொண்டது. வரி, நீதி, படை என்று எதிலும் அவர் தீர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு குதிரை முன்னால் நின்றால், அவர் தீர்ப்பை மதித்தார்கள். பட்டத்துக்காகக் காட்டிய மரியாதையாக அது இருந்திருக்க முடியாது. குதிரையைப் பற்றி ராணுவத்தான் முகஸ்துதி செய்யமாட்டான், அவன் உயிரே அதன் காலில் இருக்கிறது.

தஞ்சையிலிருந்து திருச்சிராப்பள்ளி போன ஹீபர், சில நாட்களில், ஏப்ரல் 3-ஆம் தேதி, குளிக்கும் தொட்டியில் மூழ்கி மாண்டார்.

சரபோஜி 1832 மார்ச் 7-ஆம் தேதி காலமானார். அவருக்குப் பின் வந்த மகன் சிவாஜி, 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினியார் பட்டத்தையும் முடித்துவிட்டார்கள். குதிரை மேல் வந்த வம்சத்தின் ஆட்சி அத்துடன் முற்றிற்று. நூல் நிலையம் மட்டும் நிலைத்தது. அதிலிருந்த நகுலனின் அசுவ சாஸ்திரத்தை, 1952-ல் வண்ணப் படங்களுடன் சரஸ்வதி மகாலார் அச்சிட்டு வெளியிட்டார்கள்.